சேர்ந்து எடுக்க வேண்டிய விடுப்பு

நூலகர் வேலைக்குப் படிக்கிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைத்தான். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் நூலாக வந்த அந்த ஐந்தில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூல்களை வகை பிரித்து எண் போடுவது, பட்டியல் எழுதுவது, வாசகர் தானே போய் எடுக்கும்படி அடுக்குகளைத் திறந்து வைப்பது எல்லாம் இதற்காகத்தான். வந்தவர் தேடியதை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போக வேண்டும்.

மதுரைக்கு வெளியே ஓர் ஊராட்சியில் கிளை நூலகராக இருக்கிறேன். இந்த விதியை நம்பி வேலை பார்க்கிறவள் என்பதால் முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவற்றின் மீது எனக்கு அடிப்படையிலேயே ஒரு புகார் உண்டு. அவை நேரெதிரான விதியில் கட்டப்பட்டவை. அங்கே வந்தவர் திரும்பிப் போகக் கூடாது.

கட்டியவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். முகநூல் நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மக்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுத்துக்கொள்வது எப்படி என்பதே தாங்கள் யோசித்த கேள்வி என்று 2017-இல் வெளிப்படையாகப் பேசினார். தள்ளத் தள்ளத் தீராமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். பக்கம் முடியும்போதெல்லாம் ‘அடுத்து’ என்று ஒரு பொத்தானை அழுத்தும் சிரமம் வேண்டாமே என்றுதான் அதைச் செய்தார். பிற்பாடு அதற்காக வருந்தினார். அந்தப் பொத்தான் ஒரு சிரமம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். போதுமா, எழுந்திருக்கலாமா என்று நம்மிடம் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான்.

எங்கள் நூலகத்தில் காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் நாலைந்து பெரியவர்கள் நிற்பார்கள். ஒருவர் தினத்தந்தி, ஒருவர் தினமணி. நடுத்தாளை உருவி அடுத்தவரிடம் நீட்டுவார்கள். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு, நெல் என்ன விலை போகிறது, யார் பேத்திக்கு எங்கே வேலை கிடைத்தது. தாளில் படிக்க இனி ஒன்றும் இல்லை என்பதால்தான் அந்தப் பேச்சு தொடங்குகிறது. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நாவலுக்குக் கடைசி வரி உண்டு. நூலகத்துக்கே பூட்டும் நேரம் உண்டு. போனில் ஓடும் காணொளிகளுக்கு அப்படி எதுவும் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால் புறா பசிக்குத்தான் கொத்தும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி வைத்தால் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். முகநூலில் விருப்பப் பொத்தான் வந்தது 2009-இல். படம் போட்டவருக்கு எப்போது, யாரிடமிருந்து, எத்தனை வரும் என்று தெரியாது. ஆகவே திறந்து திறந்து பார்க்கிறார். இதில் மாட்டுகிறவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு பக்கம் பல்லாயிரம் பொறியாளர்கள், மறுபக்கம் வேலை முடிந்து களைத்துப்போய்ப் பாயில் சாய்ந்த ஒரு தனி ஆள். இதில் யார் ஜெயிப்பார்கள்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானபின் இந்தச் சமமில்லாத போட்டி எங்கள் ஊர் வரைக்கும் வந்தது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். பத்து நாள் கூட ஆகவில்லை, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. ஒரு செயலியை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு அந்த ஜூலை மாதம் போதுமான பதில்.

போன ஆடி மாதத்தில் நான் முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் போனிலிருந்து எடுத்து வைத்தேன். ஆடியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கல்யாணம், கிரகப்பிரவேசம் கிடையாது. படம் போட்டோமே, பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று சொந்தக்காரர்களிடம் மனத்தாங்கல் வராது. வாட்ஸப்பை வைத்துக்கொண்டேன். மாவட்ட மைய நூலகத்துச் சுற்றறிக்கைகள் அதில்தான் வருகின்றன. கோவையில் படிக்கிற மகளும் அதில்தான் பேசுகிறாள். யார் என்ன ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் போகவில்லை.

மனம் லேசானது, தூக்கம் நன்றாக வந்தது என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அவை கொஞ்சம் உண்மை, பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் பூக்கட்டிக்கொண்டு வருகிற அக்காவிடம், ஆடி வெள்ளிக்கு மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லிகை எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜன்னலுக்கு வெளியே எந்த வயல் மனையாகிவிட்டது என்று கவனித்தேன். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது என் அம்மா.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ராமேஸ்வரத்தில் பிறந்தவள். 1964 டிசம்பரில் புயல் அடித்தபோது சின்னப் பிள்ளை. தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து போன ரயில் கடலோடு போனது, சனங்கள் கோயில் பிராகாரத்தில் ஒதுங்கியது எல்லாவற்றையும் நாங்கள் அவள் வாயால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தெரிந்த கதை என்பதால் ‘உம்’ கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்போம். அந்த ஆடியில் ஒருநாள் சாயங்காலம், முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே அதே கதையை ஆரம்பித்தாள். கோயில் வரைக்கும் வந்தாள். நிறுத்திவிட்டாள். கீரையை மட்டும் உருவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். பேச்சு முடிந்தது என்றே நினைத்தேன்.

“கடத்தண்ணி ஏறுன அரிசிதான்த்தா கெடைச்சுச்சு. ஒங்க அம்மாச்சி தண்ணி மாத்தி மாத்திக் கழுவுனா. அப்பவும் கரிச்சுச்சு. ஒன் மாமன் வாயிலயே வைக்க மாட்டேன்னுட்டான். அவன் பங்கையும் நான்தான் குடிச்சேன். அம்புட்டுப் பசி.”

அம்மா கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொள்ள மாட்டாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஏதோ பத்தியம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கேட்டதும் இல்லை.

வயதானவர்கள் பேச்சில் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழும். அந்த நேரத்தில் அவர்கள் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். சிறு பிள்ளைகளும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, செருப்பை நோண்டிக்கொண்டு நிற்கும். கையில் போன் இருக்கிறவருக்கு அந்த இடைவெளி தாங்காது. கட்டைவிரல் அதற்குள் புகுந்துவிடும். எதிரே இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாக்கியத்தை விழுங்கிவிடுவார். கூட இருப்பது என்று நான் சொல்வது இந்த இடைவெளியில் காத்திருப்பதைத்தான். நம் வீடுகளில் இப்போது அதிகமாகத் தொலைந்துகொண்டிருப்பது அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது என் ஒருத்தியின் அனுபவம். பெரிய அளவில் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள், 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முகநூல் பயனர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினர் நான்கு வாரம் கணக்கை முடக்கி வைத்தார்கள். அதற்குப் பணமும் கொடுக்கப்பட்டது. சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மிஞ்சியது. மிஞ்சிய நேரத்தில் கொஞ்சம் தொலைக்காட்சிக்குப் போனது, கொஞ்சம் குடும்பத்தோடும் நண்பர்களோடும் போனது. மனநிறைவு சற்றுக் கூடியது. அரசியல் கொள்கைகள் பற்றிய கருத்துகளில் இருந்த கட்சிப் பிளவு குறைந்தது. நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. நான்கு வாரம் முடிந்து திரும்பி வந்தவர்கள் முன்பு போல அதில் அவ்வளவு நேரம் கிடக்கவில்லை.

சற்று, கொஞ்சம் என்று நான் எழுதியதை விட்டுவிட வேண்டாம். பலன் பிரமாண்டமானது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நாட்டு நடப்பு தெரியாமல் போகும் என்ற குறை நியாயமானதுதான். அதற்கு மட்டும் என்னிடம் உடனே ஒரு பதில் இருக்கிறது: பக்கத்து நூலகத்துக்கு வாருங்கள், செய்தித்தாள் மேசையில் இடம் இருக்கிறது.

ஆனால் ஒரு மாதம் தனியாக விடுப்பு எடுத்ததில் எனக்கு வேறொன்று புரிந்தது. நான் போனை வைத்துவிட்டேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் வைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்காரரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் மட்டும் எடுக்கிற விடுப்பால் ஒருவர் மட்டும்தான் சும்மா இருப்பார். இன்றைக்கு வருகிற அறிவுரைகள் எல்லாம் தனி மனிதருக்குத்தான். அறிவிப்புகளை நிறுத்துங்கள், திரையைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள், படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். தவறில்லை. ஆனால் ஊரையே பிடித்துக்கொண்ட ஒன்றை ஊராகச் சேர்ந்துதான் இறக்கி வைக்க முடியும்.

அப்படிச் செய்வது நமக்குப் புதிதும் இல்லை. மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தபின், பாதுகாப்புக்காக நீதிமன்ற உத்தரவின்படி அந்த மார்ச் முதல் போன் கொண்டுபோகத் தடை வந்தது. 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் அப்படித் தடை கொண்டுவரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. வாசலில் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். ஆரம்பத்தில் நிறைய முணுமுணுப்பு இருந்தது. இப்போது போய்ப் பாருங்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தூண் தூணாக ஓடுகின்றன. இரவில் பள்ளியறைப் பூஜைக்குச் சுவாமி பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு வரும்போது, அத்தனை பேரும் வெறும் கண்ணால் பார்க்கிறார்கள். யாரும் யாரையும்விடக் கட்டுப்பாடு மிக்கவர்கள் இல்லை. யார் கையிலும் அது இல்லை, அவ்வளவுதான்.

அதே மதுரையில், சித்திரை முழுநிலவு நாளில் அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிற இடத்துக்கு வாருங்கள். விடிய விடியக் காத்திருந்து, சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றி நிற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான போன்கள் உயர்ந்து நிற்கின்றன. அழகர் வருகிற நேரத்தில் பலர் திரையில் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் லிண்டா ஹென்கல் ஒரு அருங்காட்சியகத்தில் வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். ஆய்வு 2014-இல் வெளிவந்தது. முழுப் பொருளையும் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே நின்று பார்த்தவர்களைவிட அந்தப் பொருட்கள் குறைவாகவே நினைவில் இருந்தன. ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. உற்றுப் பார்க்க வேண்டியிருந்ததே, அதனால் இருக்கலாம்.

மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா காலத்தில் பாடம் போனில் நடந்தது. பள்ளி திறந்தபிறகும் பிள்ளைகள் அதைவிட்டு மீளவில்லை என்று ஆசிரியர்கள் கண்டார்கள். 2022 ஆகஸ்டில் ஊர் கூடி முடிவெடுத்தது. தினமும் மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஒலிக்கும். போன், தொலைக்காட்சி இரண்டையும் எல்லாரும் அணைக்க வேண்டும். எட்டரைக்கு மறுபடி ஒலிக்கும். நடுவே பிள்ளைகள் படிக்கின்றன, பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் கிடையாது, அரசாணை கிடையாது. ஊர்க் கட்டுப்பாடு, அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பெரியவர்களும் அணைக்கிறார்கள் என்பது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை போட்டிருக்கிறது. அதன் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளைத் தடுத்துவிட்டு நாம் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை திரும்பி வருவது யாரும் நிமிர்ந்து பார்க்காத ஒரு வீட்டுக்குத்தானே?

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வாசகர் வட்டத்தில் வட்காவ் பற்றிப் பேசியபோது, கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் எழுந்தாள். “எங்க வீட்ல போனை வைன்னா எனக்கு மட்டும்தான் மேடம். அண்ணனுக்குக் கிடையாது” என்றாள். இந்தப் பேச்சு நம் வீடுகளில் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பெண்பிள்ளைகள் யாரோடு பேசுகிறார்கள் என்று துருவுவதற்கு இது ஒரு சாக்காகிவிடும். ஆரி வேலைப்பாடு செய்து இன்ஸ்டாகிராமில் படம் போட்டு ஆர்டர் வாங்குகிற பெண்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அது கடைவாசல். எந்தப் பத்திரிகையும் எட்டிப் பார்க்காத தெருக்களின் குரலும் சமூக ஊடகம் வழியாகத்தான் வெளியே வருகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் படகும் சோறும் எங்கே வேண்டும் என்று அதில்தான் தெரிந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் சேர்ந்ததும் அதனால்தான். இதை அழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வீட்டில் போனை வைப்பதென்றால், முதலில் அந்த வீட்டு ஆண்கள் வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். யாருடைய போனை யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

எங்கள் நூலகத்தில் ஒரு சிறு தொடக்கம் நடந்திருக்கிறது. அது என் யோசனையும் இல்லை. டிஎன்பிஎஸ்சி நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மாலையில் வருவார்கள். பழைய நூற்பட்டியல் அட்டைகள் வைத்திருந்த மர இழுப்பறைகள் ஒரு மூலையில் சும்மா கிடந்தன. “மேடம், நாங்க எல்லாரும் இதுல போனைப் போட்டுட்டுப் படிக்கிறோம், நீங்க பூட்டி வச்சுக்கங்க” என்று வந்து கேட்டார்கள். அவர்களுடைய வகுப்பு யூடியூபில், குறிப்புகள் டெலிகிராமில். ஆகவே முழுக்க விலக்கிவிட முடியாது. முதல் பாதி இழுப்பறையில், பிறகு எடுத்து வகுப்புப் பார்ப்பது என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் போடுவதால் யாருக்கும் எதுவும் தவறிப்போவதில்லை என்பதுதான் அவர்கள் சொல்கிற காரணம். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுப்பதும், கணக்கில் சண்டை போடுவதும், நடுவே டீ குடிக்கச் சேர்ந்து போவதும் இப்போது கூடியிருக்கிறது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வட்காவ் செய்ததை அந்தச் சபையில் வைத்துப் பேசலாம். வேண்டாம் என்று ஊர் சொன்னால் விட்டுவிடலாம். நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பேசலாம். பகுதி நேரமாகத் திறக்கும் நூலகங்களை மாலையில் கூடுதல் நேரம் திறந்து வைக்க அரசு ஆளும் பணமும் தர வேண்டும். போனை வைத்துவிட்டுப் போய் உட்கார ஓர் இடம் இருந்தால்தானே வைப்பார்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் கொடுப்பதற்கு வாசகர் வட்டத்தில் ஒரு மனு எழுதியிருக்கிறோம். மாலை ஏழு மணி என்றுதான் முதலில் எழுதினோம். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களிடம் படித்துக் காட்டியபோது, ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்போம், எங்களுக்கு அது எப்படி விடுப்பாகும் என்று கேட்டார்கள். எட்டரையிலிருந்து பத்து என்றால் தாங்களும் திண்ணையில் வந்து உட்கார முடியும் என்றார்கள். அவர்கள் சொன்ன நேரத்தையே மனுவில் மாற்றி எழுதிவிட்டோம்.